கரண்ட் போனாலும் தெருவில் அடுப்பு எரியணும்!
புயல் நாளில் அக்கம்பக்கம் பசியாற வழி என்ன?

திருவண்ணாமலை:

கடற்கரையில் இருந்து சுமார் 100 கிலோ மீட்டர் தள்ளி இருக்கிற ஊர் திருவண்ணாமலை. "புயல் எல்லாம் கடலூர், நாகப்பட்டினத்துக்காரங்க பாடு. நமக்கு என்ன, நாலு தூறல் விழும், அவ்வளவுதான்" என்றுதான் இங்கே பல பேர் நினைத்து இருந்தார்கள்.

அந்த நினைப்பை 2024-ம் ஆண்டு வந்த "பெஞ்சல்" புயல் ஒரே நாளில் துடைத்துப் போட்டது.

நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை ஏறிய புயல், வழக்கம் போல ஓடிப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து கொண்டது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்திலும், புதுச்சேரியிலும் ஒரே நாளில் சுமார் 50 சென்டி மீட்டர் மழை கொட்டியது. மறுநாள் வலு குறைந்து மேற்கே நகர்ந்தபோதும் மழை விடவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர்!

கடலுக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவில் இருப்பது நம்ம ஊர். தப்ப முடியுமா?

மலை சரிந்தது

டிசம்பர் 1-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை. அண்ணாமலையார் மலை அடிவாரத்தில் உள்ள வ.உ.சி. நகரில் மண் சரிந்தது. பெரிய பாறை உருண்டு வந்தது. ஒரு வீடு அப்படியே மண்ணுக்குள் புதைந்தது.

அந்த வீட்டில் இருந்த 7 பேர் பலி ஆனார்கள். அவர்களில் 5 பேர் சிறுவர், சிறுமிகள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அதில் அடக்கம் என்பதுதான் பெரிய பரிதாபம்.

தேசிய பேரிடர் மீட்புப் படையினர் வந்து மண்ணைத் தோண்டினார்கள். சந்துகள் குறுகல். பெரிய எந்திரங்கள் உள்ளே போக முடியவில்லை. மழையும் விடவில்லை. எல்லா உடல்களையும் வெளியே எடுத்து முடிப்பதற்குள் டிசம்பர் 3-ந் தேதி ஆகி விட்டது.

இன்னொரு பக்கம் சாத்தனூர் அணை நிரம்பியது. 2-ந் தேதி அதிகாலையில் தென்பெண்ணை ஆற்றில் வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. ஆற்றங்கரை ஊர்கள் வெள்ளத்தில் மிதந்தன.

அந்த ஆண்டு கார்த்திகை தீபத் திருவிழாவுக்கு 4-ந் தேதி கொடி ஏறியது. 13-ந் தேதி மலை உச்சியில் மகாதீபம் ஏற்றப்பட்டது. ஆனால் மலை ஏற பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. மண் இளகிக் கிடந்ததுதான் காரணம்.

தீபம் வருவது கார்த்திகையில். புயல் சீசனும் அதே கார்த்திகையில்தான். ஆகவே ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசி பிறக்கும் முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மிக்சி ஓடாது, மோட்டார் ஓடாது

புயல் அடித்தால் மின்சாரத்தை மின்வாரியமே நிறுத்தி விடுவது உண்டு. காற்றில் கம்பி அறுந்து தண்ணீரில் விழுந்தால் உயிர்ப்பலி ஆகி விடும் அல்லவா? காற்று அடங்கிய பிறகு ஒவ்வொரு லைனாகப் பார்த்து, விழுந்த மரத்தை வெட்டி, கம்பத்தை நிமிர்த்தி, அப்புறம்தான் கரண்ட் விட முடியும்.

அது சில மணி நேரமும் ஆகலாம். சில நாளும் ஆகலாம்.

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யம் பக்கம் "கஜா" புயல் கரை ஏறியது. 1 லட்சத்துக்கும் அதிகமான மின் கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த மக்கள் என்ன செய்தார்கள்? ஒவ்வொருவர் வீட்டில் இருந்ததையும் கொண்டு வந்து ஒன்றாகப் போட்டு, பொது இடத்தில் அடுப்பு மூட்டி, ஊரோடு சேர்ந்து சாப்பிட்டார்கள். விழுந்து கிடந்த தென்னை மரங்களின் மட்டையே விறகு ஆனது.

"எங்க வீட்டில கேஸ் இருக்கு, எனக்கு என்ன கவலை?" என்று கேட்கலாம். கேஸ் இருக்கும். ஆனால் மோட்டார் ஓடாது. மாடித் தொட்டி காலி ஆனால் தண்ணீர் கிடையாது. மிக்சி, கிரைண்டர் ஓடாது. இண்டக்ஷன் அடுப்பை மட்டும் நம்பி இருக்கிற ரூம்காரப் பையன்கள் பாடு அதோ கதிதான்!

இன்னொன்றும் உண்டு. செல்போன் டவர் பேட்டரி தீர்ந்தால் சிக்னல் போய் விடும். கடைக்குப் போய் "ஜிபே" பண்ண முடியாது. ஏ.டி.எம். எந்திரமும் திறக்காது. ஆகவே மழைக்கால 3 மாதமும் வீட்டில் கொஞ்சம் சில்லறை நோட்டு வைத்திருப்பது நல்லது. கடைக்காரர்களும் பழைய "கடன் நோட்டை" தூசி தட்டி எடுத்து வைத்துக் கொள்ளலாம். தெரிந்த முகத்துக்கு 2 கிலோ அரிசி, ஒரு மெழுகுவர்த்தி பாக்கெட் கடன் கொடுத்தால் கடை ஒன்றும் முழுகி விடாது. அந்த வாடிக்கை ஆயுசுக்கும் மாறாது.

அண்டாவுக்குப் பஞ்சம் இல்லை

வேறு ஊருக்கு இல்லாத ஒரு பலம் திருவண்ணாமலைக்கு இருக்கிறது. வெளியில் வைத்து, ஆயிரம் பேருக்குச் சமைக்கத் தெரிந்த ஊர் இது.

14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் பவுர்ணமிக்குப் பவுர்ணமி லட்சக்கணக்கில் ஜனம் நடக்கிறது. வழி நெடுக அன்னதானம். பொங்கல், புளிசாதம், தக்காளி சாதம், உப்புமா என்று கை நிறையக் கொடுக்கிறார்கள். தீபத்தன்று அன்னதானம் போட உணவுப் பாதுகாப்புத் துறையிடம் அனுமதி வாங்க வேண்டும் என்கிற அளவுக்குக் கூட்டம்.

ஆக, அண்டா இருக்கிறது. கரண்டி இருக்கிறது. பாத்திர வாடகைக் கடை இருக்கிறது. சமையல் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். பவுர்ணமிக்குச் செய்வதைப் புயலுக்கும் செய்தால் போதும்!

ஒரு தெருவுக்கு என்ன வேண்டும்?

கணக்கு ரொம்ப சுலபம். 1 கிலோ அரிசி போட்டால் 8 முதல் 10 பேர் சாப்பிடலாம். 25 கிலோ சிப்பம் ஒன்று இருந்தால் 200 பேருக்கு ஒரு வேளை ஓடி விடும். 40 வீடு உள்ள தெருவுக்கு ஒரு வேளைக்கு இதுவே தாராளம்.

புயல் நாளில் சாம்பார், தேங்காய்ச் சட்னி வேண்டாம். சீக்கிரம் ஊசிப் போகும். புளிசாதம் தாங்கும். அரிசியும் பருப்பும் போட்ட பொங்கல் ஒரே பாத்திரத்தில் முடியும். குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் கஞ்சி.

பிரிட்ஜை அடிக்கடி திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் வரை உள்ளே குளிர்ச்சி நிற்கும். அதற்குப் பிறகு இட்லி மாவு பொங்கி வழிய ஆரம்பிக்கும். கை தேர்ந்த வீட்டுக்காரம்மா அதைப் புளிக்க விட மாட்டார். இருக்கிற மாவை எல்லாம் ஊற்றி எடுத்து, பக்கத்து வீட்டுக்கு நாலு, எதிர்வீட்டுக்கு நாலு என்று கொடுத்து விடுவார். மறுநாள் எதிர்வீட்டில் இருந்து உப்புமா வரும். இதுதான் உண்மையான சீட்டுக் கம்பெனி!

அடுப்புக்கு எங்கே போவது? 3 செங்கல் போதும். தரையில் தண்ணீர் நின்றால், கட்டிட வேலைக்குப் பயன்படுத்தும் இரும்புச் சட்டியில் மணலைப் போட்டு, கொஞ்சம் மேடான இடத்தில் வைத்து, அதன் மேல் விறகு அடுக்கலாம். மேலே தார்ப்பாய் கட்டும்போது ஆள் உயரத்துக்கு மேல் கட்ட வேண்டும். தாழ்வாகக் கட்டினால் தீ பிடிக்கும்.

விறகை மழை வந்த பிறகு தேடக் கூடாது. ஐப்பசிக்கு முன்பே ஒரு கட்டு சவுக்கு, கொஞ்சம் தேங்காய் மட்டை, சிரட்டை எடுத்து மாடிப்படி அடியில் போட்டு வைத்தால் அவசரத்துக்கு ஆகும். ஈர விறகுக்குப் பெட்ரோல் ஊற்றுகிற வேலை மட்டும் கூடவே கூடாது. குப்பென்று பிடித்தால் முகம் போய் விடும்.

குடிக்கிற தண்ணீரை நன்றாகத் தளதளவென்று கொதிக்க வைத்து ஆற வைக்க வேண்டும். வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரை நம்ப வேண்டாம்.

உயிரைக் குடிக்கும் தப்புகள்

புயலில் தப்பித்தவர்கள் புயலுக்கு அப்புறம் செய்கிற தப்பில் சாவது உண்டு. ஆகவே இவற்றை மனதில் வையுங்கள்.

• மழை என்று விறகு அடுப்பையோ, கரி அடுப்பையோ மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அதில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்று விடும்.

• ஜெனரேட்டரும் அப்படியே. வெளியில், ஜன்னலுக்குத் தள்ளித்தான் ஓட வேண்டும்.

• ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக்கில் சொருகி கரண்ட் ஏற்றுகிற "கில்லாடி"கள் உண்டு. அந்த கரண்ட் பின்னால் போய் டிரான்ஸ்பார்மர் வழியாகக் கம்பத்துக்கு ஏறும். "லைன் ஆப்" என்று நம்பிக் கம்பத்தில் கை வைக்கிற லைன்மேன் செத்துப் போவார். நமக்கு வெளிச்சம் தர வந்த மனுஷனையே நாம் கொல்லலாமா?

• சாய்ந்த மரத்தை விறகுக்காக வெட்டப் போகும் முன், அதன் மேல் மின் கம்பி கிடக்கிறதா என்று பாருங்கள். கம்பி கிடந்தால் பக்கத்தில் போகாதீர்கள்.

• கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி விட்டு, ஜன்னலைத் திறந்து விட்டு, வெளியே வாருங்கள்.

யாரை முதலில் பார்ப்பது?

தெருவில் சோறு வெந்தால் பலசாலிதான் முதல் வரிசையில் நிற்பான். வர முடியாதவர்கள் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள்.

பிள்ளைகள் சென்னையிலோ, வெளிநாட்டிலோ இருக்க, தனியாகக் கிடக்கிற பெரியவர்கள். மாடியில் குடியிருக்கும் நிறைமாத கர்ப்பிணி. பச்சைக் குழந்தைக்காரி. கிரிவலப் பாதையில் திண்ணையே வீடாக இருக்கிற சாதுக்கள். ஊர் புதுசு, பாஷை புதுசு என்று வந்திருக்கும் கட்டிடத் தொழிலாளிகள். இவர்களுக்கு முதல் தட்டு போக வேண்டும்.

ஆக்சிஜன் எந்திரம், நெபுலைசர் வைத்து மூச்சு விடுகிற நோயாளி உங்கள் தெருவில் யார் என்று இப்போதே தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை வந்த உடனே அவரை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம். கரண்ட் போன பிறகு ஓடினால் வழியில் மரம் விழுந்து கிடக்கும்.

சோறு மட்டும் போதாது

வ.உ.சி. நகர் சொன்ன பாடம் இன்னொன்று உண்டு. அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது.

மலைச்சரிவில் குடியிருக்கும் அக்கம்பக்கத்தாருக்குச் சோறு கொண்டு போய்க் கொடுப்பது உதவிதான். ஆனால் மழை கொட்டும்போது அதை விடப் பெரிய உதவி, அவர்களைக் கீழே கூட்டிக் கொண்டு வருவது. சுவரில் புதுசாக விரிசல் விட்டால், மரம் சாய ஆரம்பித்தால், மேலே இருந்து சின்னக் கல் உருண்டு வந்தால், ஓடையில் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாக மாறினால், அது மலை கொடுக்கும் எச்சரிக்கை. "சாமான் போயிடும், வீடு போயிடும்" என்று உட்கார்ந்து இருக்கக் கூடாது.

அவர்கள் வரத் தயங்குவது ஏன்? போக இடம் இல்லை என்பதால்தான். பள்ளிக்கூடத்திலும், கல்யாண மண்டபத்திலும் முகாம் திறப்பார்கள். ஆனால் பொம்பளைப் பிள்ளைகளை வைத்துக் கொண்டு அங்கே போகக் கூச்சப்படுகிறவர்களும் உண்டு. "எங்க வீட்டு ஹால்ல ரெண்டு ராத்திரி படுத்துக்கங்க அக்கா" என்று கீழ்த் தெருவில் இருந்து ஒரு குரல் போனால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

எழுதி ஒட்டுங்கள்

செல்போன் அணைந்து போனால் அதில் உள்ள நம்பரும் அணைந்து போகும். ஆகவே இதை ஒரு அட்டையில் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள்.

மாநில பேரிடர் கட்டுப்பாட்டு அறை: 1070
மாவட்ட கட்டுப்பாட்டு அறை: 1077
மின்வாரிய "மின்னகம்" புகார் மையம்: 94987 94987
கேஸ் கசிவு: 1906
ஆம்புலன்ஸ்: 108
போலீஸ், தீயணைப்பு அவசர உதவி: 112

இந்த நம்பர்களுக்குப் போன் போட்டு, ஆள் வந்து சேர நேரம் ஆகும். அது வரை கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். அவருடன் குப்பைத் தொட்டிக்கும், வண்டி நிறுத்துவதற்கும் சண்டை இருந்தால், மழைக்கு முன்பே ராசி ஆகி விடுவது உத்தமம்!