பெட்ரோல் இருக்கு, ஆனா வண்டி நிக்குது: பழைய கிராண்ட் செரோக்கி பற்றிச் சில குறிப்புகள்

பழைய எஸ்.யு.வி. ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோனால் நாம உடனே சொல்வது, "வண்டிக்கு வயசாச்சு". பாதி நேரம் அது உண்மைதான். ரப்பர் ஹோஸ் வெடிக்கும், பம்ப் தேயும், டேங்கில் அழுக்கு சேரும். ஆனால் வயசாவது வேறு, பிறக்கும்போதே இருந்த குறை வேறு. முதலாவதுக்கு உரிமையாளர் பணம் கட்ட வேண்டும். இரண்டாவதுக்குத் தயாரித்தவர் கட்ட வேண்டும். இந்த இரண்டையும் யார், எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் விற்ற ஜீப் கிராண்ட் செரோக்கியை எடுத்துக்கொள்கிறேன். இந்த ஒரே பெயரில் வந்த வண்டிகளில், வெவ்வேறு தலைமுறைகளில், எரிபொருள் அமைப்பு சார்ந்து இரண்டு பெரிய குறைகள் பேசப்பட்டன. ஒன்று, உரிமையாளர்கள் திரும்பத் திரும்பப் புகார் கொடுத்த குறை. இன்னொன்று, எந்த உரிமையாளரும் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கவே முடியாத குறை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் புகார் என்ற கருவியின் பலமும் தெரியும், எல்லையும் தெரியும்.

முதல் குறை: பம்ப் இல்லை, பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே

இன்றைய பெட்ரோல் வண்டிகளில் எரிபொருள் பம்ப் டேங்குக்கு உள்ளேயே, பெட்ரோலில் மூழ்கி இருக்கும். அந்தப் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. எஞ்சின் ஓடும் வரை அதுவும் ஓடியாக வேண்டும். இன்ஜெக்டருக்குப் போகும் அழுத்தம் குறைந்தால் எஞ்சின் திணறும். பம்ப் நின்றால் எஞ்சினும் நிற்கும்.

பம்புக்குப் பல ஆம்பியர் மின்சாரம் வேண்டும். வண்டியின் கணினி அவ்வளவு மின்சாரத்தை நேரடியாகக் கையாளாது. அதனால் நடுவில் ஒரு ரிலே இருக்கும். சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்தான் ரிலே. பழைய வண்டிகளில் இது ஃபியூஸ் பெட்டியில் சொருகியிருக்கும், கையால் பிடுங்கிவிட்டு இன்னொன்றைச் சொருகிவிடலாம்.

கிரைஸ்லர் நிறுவனம் 2007 மாடல் வாக்கில் பல வண்டிகளில் ஃபியூஸ் பெட்டி, ரிலேக்கள், அவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக்கியது. அதற்குப் பெயர் டி.ஐ.பி.எம். பானெட்டைத் திறந்தால் பேட்டரி கம்பிகள் வந்து சேரும் கறுப்புப் பெட்டி. எரிபொருள் பம்பின் ரிலே இதற்குள் பலகையோடு பற்றவைத்து இருந்தது. அதை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை. ரிலே கெட்டால் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும்.

உரிமையாளர்கள் சொன்ன புகார்களை வரிசையாகப் பார்த்தால் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். ஒருத்தர் சொல்வார்: "ஸ்டார்ட்டர் சுத்துது, எஞ்சின் பிடிக்கல." இன்னொருத்தர்: "ஹைவேயில் போய்க்கிட்டிருக்கும்போதே அணைஞ்சிடுச்சு." மூன்றாமவர் நேர் எதிராகச் சொல்வார்: "சாவியை எடுத்த பிறகும் பின்னாடி பம்ப் ஓடுற சத்தம் நிக்கல, காலையில பேட்டரி காலி."

பம்ப் ஓடவில்லை என்று ஒரு புகார், பம்ப் நிற்கவே இல்லை என்று இன்னொரு புகார். தனித்தனியாகப் பார்த்தால் இவை வெவ்வேறு நோய்கள். ரிலேக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்க முடியும். ரிலேயில் இரண்டு உலோக முனைகள் தொட்டுக்கொள்ளும்போது மின்சாரம் பாயும். தொடும் இடம் சூடானால் முனைகளும் அவற்றைத் தாங்கும் பாகமும் உருமாறும். சரியாகத் தொடவில்லை என்றால் பம்புக்கு மின்சாரம் இல்லை. ஒட்டிக்கொண்டு பிரியவில்லை என்றால் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே ரிலே, இரண்டு எதிர் விளைவு.

இதில் மெக்கானிக்கைக் குறை சொல்லவும் முடியாது. வண்டி சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது ரிலே ஆறியிருக்கும், வண்டி முதல் முறையிலேயே ஸ்டார்ட் ஆகும். கணினியிலும் பெரும்பாலும் ரிலேயைக் காட்டிக்கொடுக்கும் குறியீடு இருக்காது. அதனால் பேட்டரியை மாற்றுவார்கள், ஸ்டார்ட்டரை மாற்றுவார்கள், டேங்கை இறக்கிப் பம்பையே மாற்றுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பில். பிரச்சினை அடுத்த வாரம் திரும்ப வரும்.

ஒரு வண்டியைப் பார்ப்பவருக்குத் தெரியாதது, ஆயிரம் வண்டிகளின் புகார்களைச் சேர்த்துப் பார்ப்பவருக்குத் தெரியும். அமெரிக்காவில் அந்த வேலை தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்துடையது. சுருக்கமாக நிட்சா என்பார்கள். யார் வேண்டுமானாலும் அங்கே புகாரைப் பதியலாம். 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புக்கு நியாயமற்ற ஆபத்தை உண்டாக்கும் குறை இருந்தால் தயாரிப்பாளர் வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டும்.

2014 ஆகஸ்டில், வாகனப் பாதுகாப்பு மையம் என்ற நுகர்வோர் அமைப்பு டி.ஐ.பி.எம். குறித்து விசாரிக்கச் சொல்லி நிட்சாவிடம் மனு கொடுத்தது. ரால்ஃப் நேடரும் ஒரு நுகர்வோர் சங்கமும் சேர்ந்து 1970இல் தொடங்கிய அமைப்பு அது. அடுத்த மாதமே கிரைஸ்லர் 2011 மாடல் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் துராங்கோ வண்டிகளில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,89,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பின்னர் அதற்கு அடுத்த மாடல்களும் சேர்ந்தன. பரிகாரம் என்ன தெரியுமா? பெட்டிக்கு வெளியே ஒரு தனி ரிலேயை வைத்து, பம்புக்குப் போகும் மின்சாரத்தை அதன் வழியாகத் திருப்பியது. அதாவது, பழைய வண்டிகளில் இருந்த ஏற்பாட்டுக்கே திரும்பியது.

இங்கே இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். டி.ஐ.பி.எம். பற்றி வந்த புகார்கள் பம்போடு நிற்கவில்லை. ஹாரன் தானாக அடிக்கிறது, வைப்பர் தானாக ஓடுகிறது என்றெல்லாம் வந்தன. 2015இல் நிட்சா அந்த மனுவை நிராகரித்தது. பம்ப் ரிலே குறைக்கு ஏற்கெனவே திரும்ப அழைப்பு நடக்கிறது, மற்றவற்றில் பாதுகாப்புக் குறை என்று சொல்லும் போக்கு தெரியவில்லை என்பது அதன் நிலை. உரிமையாளர் பார்வையில் இது கோபம் வரவைக்கும் முடிவுதான். ஆனால் சட்டம் கேட்கும் கேள்வி "பொருள் மோசமா?" என்பதல்ல. "இதனால் உயிருக்கு ஆபத்தா?" என்பதுதான். வேகமாகப் போகும் சாலையில் எஞ்சின் அணைவது இரண்டாவது கேள்விக்கு ஆமாம் என்கிறது. ஸ்டியரிங் கனமாகும், பிரேக்குக்கான உதவி ஓரிரு மிதிப்புக்கு மேல் நிற்காது, பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது.

இரண்டாவது குறை: ஓட்டுபவருக்குத் தெரியாதது

இப்போது அதே பெயரில் முந்தைய தலைமுறைகளுக்குப் போவோம். 1993 முதல் 2004 வரையிலான கிராண்ட் செரோக்கிகளில் பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால், பின் பம்பரை ஒட்டி இருந்தது. 2002 முதல் 2007 வரையிலான ஜீப் லிபர்ட்டியிலும் அப்படித்தான். பின்னாலிருந்து இன்னொரு வண்டி பலமாக மோதினால் நசுங்கும் இடம் அது. அச்சுக்கு முன்னால் டேங்க் இருந்தால் அச்சும் சட்டகமும் ஓரளவு அதைக் காக்கும். 2005 மாடல் கிராண்ட் செரோக்கியில் டேங்க் அச்சுக்கு முன்னால் வந்துவிட்டது.

இந்தக் குறையோடு ஒருத்தர் 15 வருஷம் வண்டி ஓட்டலாம். வாசனை வராது, திணறாது, விளக்கு எரியாது. புகார் கொடுக்க அவரிடம் ஒன்றுமே இருக்காது. குறை வெளிப்படும் ஒரே தருணம் மோதல். அந்தத் தருணத்துக்குப் பிறகு புகார் எழுத ஆள் இல்லாமல் போகலாம்.

அதனால் இங்கே வேறு வகைத் தரவு தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1975 முதல் உயிரிழப்பு நேர்ந்த சாலை விபத்துகளை எல்லாம் ஒரு தேசியப் பதிவேட்டில் சேர்த்து வருகிறார்கள். பின்னால் மோதி, தீப்பிடித்து, உயிர் போன விபத்துகள் இந்த ஜீப்புகளில் எத்தனை, அதே காலத்து மற்ற வண்டிகளில் எத்தனை என்று அதில் ஒப்பிட முடிந்தது. 2009இல் மனு கொடுத்தது முன்சொன்ன அதே மையம்தான். 2010 ஆகஸ்டில் நிட்சா விசாரணையைத் தொடங்கியது. 2013 ஜூன் 3ஆம் தேதி, 27 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கிரைஸ்லருக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதம் சுட்டிய உயிரிழப்புகள் 51.

கிரைஸ்லர் முதலில் மறுத்தது. எங்கள் வண்டிகள் விற்ற காலத்தின் பாதுகாப்பு விதிகளை எல்லாம் நிறைவேற்றியவை என்பது அதன் வாதம். விதியைப் பொறுத்தவரை அந்த வாதம் சும்மா சொன்னதும் இல்லை. அன்றைய விதிப்படி பின்பக்கச் சோதனையில் மோதும் வேகம் மணிக்கு 30 மைல். அதைக் கிட்டத்தட்ட 50 மைலாக உயர்த்திய விதி பிறகுதான் வந்தது. ஆனால் விதியை நிறைவேற்றுவது வேறு, குறை இல்லாமல் இருப்பது வேறு என்று அமெரிக்கச் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. விதியில் தேறிய வண்டியையும் குறையுள்ளது என்று திரும்ப அழைக்கச் சொல்லலாம்.

ஜூன் 18ஆம் தேதி சமரசம் ஏற்பட்டது. சுமார் 15.6 லட்சம் வண்டிகள், அதாவது 1993–98 கிராண்ட் செரோக்கிகளும் லிபர்ட்டிகளும், திரும்ப அழைக்கப்பட்டன. பரிகாரமாக டேங்கை நகர்த்தவில்லை, அதை யாரும் நகர்த்த முடியாது. டிரெய்லர் இழுக்கும் இரும்புக் கொக்கி அமைப்பு ஒன்றைப் பின்னால் பொருத்தினார்கள். குறைந்த வேக மோதல்களில் அது விசையைத் தாங்கும் என்பதுதான் நிறுவனமே சொன்ன அளவு. அதற்கு மேல் அது வாக்குறுதி தரவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். "ரீகால் முடிஞ்சுது" என்றால் "ஆபத்து முடிஞ்சுது" என்று எப்போதும் பொருள் இல்லை.

சரி, உரிமையாளர் என்ன செய்யலாம்?

ஒன்று, புகாரை எப்படி எழுதுவது. "வண்டி அடிக்கடி நிக்குது, ரொம்ப மோசம்" என்பது கோபத்தைச் சொல்லும், தகவலைச் சொல்லாது. தேதி, ஓடிய மைல், அப்போதைய வேகம், எஞ்சின் சூடாக இருந்ததா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் ஆனது, இதெல்லாம் வேண்டும். வண்டியின் 17 இலக்க அடையாள எண் மிக முக்கியம். எந்தத் தொழிற்சாலையில் எந்த வருட மாடலாக வந்தது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் பிரிப்பார்கள். மாற்றிய பாகங்களின் பில்களையும் வைத்திருங்கள். திரும்ப அழைப்பு பின்னர் வந்தால், முன்பே செலவழித்த பணத்தைக் கேட்க அதுதான் ஆதாரம்.

இரண்டு, குறுக்கு வழி வேண்டாம். டி.ஐ.பி.எம். பிரச்சினை பரவியபோது, ரிலேயைத் தாண்டி பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் ஒயர்கள் விற்பனைக்கு வந்தன. வண்டி ஸ்டார்ட் ஆகும், உண்மைதான். ஆனால் மோதல் நடந்ததும் பம்பை நிறுத்துவதும் அந்த ரிலே வழியாகத்தான். கணினியால் நிறுத்த முடியாதபடி பம்பை இணைத்துவிட்டால், உடைந்த குழாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். நடுவழியில் நிற்பது ஒரு ஆபத்து என்றால் இது அதைவிடப் பெரிய ஆபத்து.

மூன்று, பழைய வண்டி வாங்குபவருக்கு. அடையாள எண்ணை நிட்சா தளத்தில் போட்டால் முடிக்காத திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று காட்டும். வண்டி பல கை மாறியிருந்தாலும் அந்த உரிமை வண்டியோடு வரும். இலவசப் பரிகாரத்துக்கு 15 ஆண்டு வரம்பு ஒன்று உண்டு. அதைக் கணக்கிடுவது முதல் விற்பனையிலிருந்து அறிவிப்பு வந்த நாள் வரை. நீங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போகும் நாள் வரை அல்ல. 2014இல் அறிவித்ததை இன்றும் கேட்கலாம்.

வாங்கப் போகும் வண்டி பற்றி யாரும் புகார் எழுதவில்லை என்றால் அது நல்ல வண்டி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தொல்லை தரும் குறைக்குத்தான் புகார் வரும். அதனால் ஒருமுறை குனிந்து வண்டிக்கு அடியில் டேங்க் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மெக்கானிக் வேண்டாம், டார்ச் லைட் போதும்.