கூழ்க் குண்டானுக்குள் நடப்பது என்ன?

கொருக்குப்பேட்டையில் வெயில் ஏற ஏறக் கூழ் வண்டிகளைச் சுற்றிக் கூட்டம் கூடும். “கெட்டியா கரைக்கா” என்று சொல்லி ஒரு சொம்பை வாங்கி, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு நின்றபடியே குடித்துவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள் மூட்டை தூக்குபவர்களும் ஆட்டோக்காரர்களும். இதே சென்னையில், குளிர்சாதனக் கடைகளில் ‘கொம்புச்சா’ என்ற புளித்த தேநீர் பாட்டிலில் விற்கிறது. இரண்டையும் ஆக்கித் தருபவை நுண்ணுயிர்கள்தான். ஆனால் அவற்றின் வேலைமுறை வேறு.

கொம்புச்சாவுக்குச் சர்க்கரை போட்ட தேநீர் வேண்டும். அதன்மேல் ஆடைபோல மிதக்கும் ‘ஸ்கோபி’யில் ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வாழ்கின்றன. ஈஸ்ட் சர்க்கரையை உடைத்து ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்கும். அந்த ஆல்கஹாலை பாக்டீரியா அசெட்டிக் அமிலமாக மாற்றும். வினிகரின் புளிப்பும் இதே அமிலம்தான். மேலே மிதக்கும் ஆடை அந்த பாக்டீரியா நெய்த செல்லுலோஸ். இதற்கு ஏழு முதல் பதினான்கு நாள் பிடிக்கும். சூடான ஊரில் சீக்கிரமே புளித்துவிடும்.

கூழில் ஈஸ்டைவிட லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்குத்தான் வேலை அதிகம். தயிரைப் புளிக்க வைக்கும் கூட்டம் இது. கேழ்வரகு மாவை ராத்திரி தண்ணீரில் கரைத்து மூடி வைத்தால், மாவோடு வந்த பாக்டீரியாவே விடிவதற்குள் அதைப் புளிக்க வைத்துவிடும். மறுநாள் நொய்யை வேகவைத்து, அதில் புளித்த மாவை ஊற்றிக் கிளறுவார்கள். நனைத்த கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். இந்தச் சூட்டில் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி செத்துவிடும். ஆறிய பிறகு பாத்திரம், கரண்டி, கை என்று பல வழிகளில் வந்து சேர்பவை இன்னொரு ராத்திரி முழுக்கப் புளிக்க வைக்கும். அடுத்த நாள் காலையில் கட்டியைக் கையால் உடைத்து, உப்பும் மோரும் விட்டுக் கரைத்தால் வண்டி கிளம்பத் தயார்.

இந்த இரட்டைப் புளிப்பால் லாபம் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் தானியத்திலுள்ள ஃபைட்டிக் அமிலம் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. புளிக்கும்போது அந்த அமிலம் குறைவதால் சத்து உடம்பில் சேர்வது எளிதாகிறது.

இன்னொன்று பாதுகாப்பு. அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 4.6-க்குக் கீழே இறங்கினால், கொடிய நஞ்சைச் சுரக்கும் போட்டுலினம் கிருமியால் வளர முடியாது. நன்றாகப் புளித்த கொம்புச்சாவில் அது 3-ஐ ஒட்டி இருக்கும். ஆனால் புளிப்பு குண்டானுக்குள் இருப்பதைத்தான் காக்கும். வண்டியில் சேர்க்கிற தண்ணீர், ஐஸ், நறுக்கிய வெங்காயம், கழுவாத சொம்பு வழியாக வரும் கிருமிக்கு அது உத்தரவாதம் தராது.

புளித்த உணவு குடலுக்கு நல்லது என்ற பேச்சிலும் நிதானம் வேண்டும். கொருக்குப்பேட்டைக்குப் பக்கத்தில், பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எந்த அளவுக்கு உதவும் என்று மாநில அரசின் நிதியுதவியோடு ஆராயத் தொடங்கியது. ஏழை வீட்டுக் காலை உணவு ஆய்வுக்கூடத்துக்குப் போனது நல்ல செய்தி. அதை வைத்துக் கூழையோ கொம்புச்சாவையோ மருந்து என்று சொல்லிவிட முடியாது.

பாட்டிலில் அடைத்தாலும் நுண்ணுயிர் வேலையை நிறுத்தாது. 2010-இல் அமெரிக்கக் கடைகளிலிருந்து கொம்புச்சா பாட்டில்களைத் திரும்ப எடுத்தார்கள். அடைத்த பிறகும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்றதால், சில பாட்டில்களில் ஆல்கஹால் 0.5 சதவீத வரம்பைத் தாண்டியிருந்தது. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் வடிகட்டுதல், சூடாக்குதல், குளிர்பதனம் என்று செலவு செய்கின்றன.

கூழ் வண்டிக்காரம்மாவிடம் இவற்றில் எதுவும் இல்லை. சென்னை வெயிலில் கூழ் மதியத்துக்குள் மேலும் புளித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அன்றைக்கு விற்கும் அளவுக்குத்தான் காய்ச்சுகிறார். உயிருள்ள பானத்துக்குச் சிறிய அளவில் செய்வதே நல்ல காவல். வீட்டில் கொம்புச்சா போடுகிறவர்களும் இந்தக் கணக்கைப் பின்பற்றலாம்: கண்ணாடிச் சாடியில், குடித்துத் தீர்க்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள். பூஞ்சை தெரிந்தால் ஸ்கோபியோடு சேர்த்துக் கொட்டிவிடுங்கள்.