தரை எழும் தலைநகரம்

திருச்செந்தூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். மகளுக்கு ஸ்டாக்ஹோமில் வேலை. வருகிற ஜூனில் இவரும் கணவரும் மூன்று வாரம் அங்கே போய்த் தங்கப்போகிறார்கள். "மகள் அலுவலகம் போனபின் நாங்களாகவே சுற்ற வேண்டும். எதைப் பார்ப்பது, என்ன தெரிந்துகொண்டு பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறார். முதல் பாதிக்கு மகளே வழி சொல்லிவிடுவாள். இரண்டாம் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

விசா, கம்பளிச் சட்டை எல்லாம் உங்களுக்கே தெரியும். மூன்று சங்கதி மட்டும் சொல்கிறேன். பல கடைகளில் ரொக்கம் வாங்கமாட்டார்கள், கார்டு வேண்டும். ஜூனில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். ஜன்னல் திரையை இழுத்து விட்டால்தான் தூக்கம் வரும். குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கலாம். அந்தத் தண்ணீரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நகரம் 14 தீவுகளின் மேல் இருக்கிறது. நடுவில் காம்லா ஸ்தான் என்கிற பழைய ஊர். அங்கே ஒரு சந்தின் ஒடுங்கிய இடம் 90 சென்டிமீட்டர்தான். எதிரில் ஆள் வந்தால் ஒருக்களித்து நிற்க வேண்டும். மெட்ரோ ரயிலில் நீலத் தடத்தில் ஏறுங்கள். நிலையங்களின் பாறைச் சுவரைப் பூசி மறைக்காமல், பாறை மீதே ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்து வளர்ந்த எனக்கு, குடைந்த மலைக்குள் நிற்கிற அந்த உணர்வு பழகியதாக இருந்தது. ஏரிக்கரையில் செங்கல்லால் எழுப்பிய நகர மன்றம் 1923-இல் திறக்கப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 10 அன்று நோபல் விருந்து அங்கேதான். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1930-லும், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009-லும் பரிசு வாங்கியது இந்த ஊரில்.

வாசா கப்பலைத் தவறவிடாதீர்கள். 64 பீரங்கிகள் ஏற்றிய அரசுப் போர்க்கப்பல் அது. 1628 ஆகஸ்ட் 10 அன்று முதல் பயணம் புறப்பட்டது. மேல்பாரம் அதிகம், அடியில் போதிய கனம் இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. காற்று ஒரு தள்ளு தள்ளியதும் சாய்ந்து, பீரங்கி வாசல் வழியே தண்ணீர் புகுந்து, துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கிவிட்டது. 333 ஆண்டு கழித்து, 1961-இல், ஏறக்குறைய முழுசாக மேலே தூக்கினார்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளைப் பார்த்தே வளர்ந்தவன். தோணியின் அடிப்பலகையைக் கடல்புழு துளைத்துச் சல்லடையாக்கிவிடும். கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள். அப்படியிருக்க, இந்த மரம் எப்படி மூன்று நூற்றாண்டு தாங்கியது? பால்டிக் கடலில் உப்பு குறைவு. சமுத்திரத்தில் லிட்டருக்கு 35 கிராம் என்றால், ஸ்டாக்ஹோம் பக்கம் ஆறேழு கிராம்தான். ஆறுகள் நன்னீரைக் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. சமுத்திரத்தோடு இணைக்கும் வாய் குறுகலானது. அந்தத் தண்ணீரில் மரம் துளைக்கும் புழு பிழைக்காது.

இனி என் மனசைப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். அரண்மனைக்கும் நாடாளுமன்றத்துக்கும் அருகே நோர்ப்ரோ என்று ஒரு பாலம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பாருங்கள். மேற்கே மேலாரென் ஏரி, நன்னீர். கிழக்கே கடல். பாலத்தடியில் ஏரி கடலுக்குள் இரைந்துகொண்டு ஓடுகிறது. கரையில் தூண்டில்காரர்கள் நிற்பார்கள். தலைநகரின் நட்டநடுவில், சால்மன் மீனுக்காக! 1636-இல் கிறிஸ்டினா ராணி கொடுத்த உரிமை. யாரும் காசில்லாமல் தூண்டில் போடலாம். உங்கள் ஊர் நாழிக்கிணற்றில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதைப் பார்த்தவர்கள் நீங்கள். உப்பும் நன்னீரும் அண்டை வீடுகளாக இருப்பது உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே அவற்றைப் பிரித்து வைத்தது தரை. ஆயிரம் ஆண்டுக்கு முன் இது ஏரியே அல்ல, கடலின் ஒரு கை. தரை மெள்ள எழுந்து, கடலை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டது.

தரை எழுமா? எழும். தோணியில் வெங்காய மூட்டை ஏற்ற ஏற்ற உடம்பு தண்ணீருக்குள் இறங்கும். கொழும்பில் இறக்க இறக்க, நனைந்த கோடு வெளியே தெரியும்படி மேலே வரும். ஸ்காண்டிநேவியாவின் தலையில் ஒரு காலத்தில் மூன்று கிலோமீட்டர் கனம் வரை பனிப்பாறை இருந்தது. அந்தப் பாரத்தில் நிலம் அமுங்கியது. சுமார் பத்தாயிரம் ஆண்டுக்கு முன் பனி உருகியது, மூட்டை இறங்கிவிட்டது. பிறகு ஏன் இன்னும் எழுகிறது? தோணி மிதப்பது தண்ணீரில். நிலம் மிதப்பதோ மிக மிகக் கெட்டியான ஆழ்பாறையின் மேல். உடன்குடியில் கருப்பட்டி காய்ச்சும்போது பாகு இறுகும் பதத்தில் அகப்பையை அழுத்திவிட்டு எடுத்தால், பள்ளம் உடனே நிரம்பாது. பாகு யோசித்து யோசித்துத்தான் வந்து சேரும். அதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு மந்தம் இது. ஸ்டாக்ஹோமில் ஆண்டுக்கு சுமார் 5 மில்லிமீட்டர், ஓர் அரிசியின் நீளம். நூறாண்டில் முழங்கால் உயரம். வடக்கே போனால் இன்னும் வேகம். 1621-இல் நிறுவிய லூலியோ என்ற துறைமுக ஊரில் தண்ணீர் ஆழம் குறைந்துபோய், 1649-லேயே ஊரைக் கடலோரத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

இதை முதலில் கவனித்தவர்கள் கரையோர மக்கள். நீர்நாய்களைப் போன்ற சீல்கள் ஏறிப் படுக்கும் பாறைகள் சொத்தாகக் கைமாறி வந்தன. பாட்டன் காலத்துப் பாறை, பேரன் காலத்தில் சீல் ஏற முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. வெப்பமானியின் அளவுமுறையால் நமக்குத் தெரிந்த ஆண்டர்ஸ் செல்சியஸ், 1731-இல் லோவ்குருண்ட் தீவின் ஒரு பாறையில் நீர்மட்டத்துக்கு நேராகக் கோடு வெட்டச் செய்தார். கடல்நீர் வற்றுகிறது என்று அவர் நினைத்தார். காரணம் தப்பு, கோடு சரி. பனியின் பாரம் நீங்கியதால் நிலம் எழுகிறது என்று ஸ்காட்லாந்தின் தாமஸ் ஜேமிசன் 1865-இல்தான் சொன்னார். அதற்குப் பின்பும் அந்தக் கோடு பயன்பட்டது.

நகரம் பிறந்ததிலும் இந்த எழுச்சிக்குப் பங்கு உண்டு. கோடையில் நகர மன்றத் துறையிலிருந்து படகேறிப் பிர்கா தீவுக்குப் போய் வாருங்கள். எட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை வைக்கிங் வணிகர்களின் ஊர் அது. தரை எழுந்து தெற்குக் கடல்வழி மேடானது, ஊர் கைவிடப்பட்டதற்கு ஒரு காரணம் என்பார்கள். ஏரிக்கும் கடலுக்கும் இடையே மிஞ்சிய வாய் ஸ்டாக்ஹோமில். அங்கே கப்பல்கள் நின்றுதான் ஆக வேண்டும். அந்த வாயைக் காத்த ஊரின் பெயர் 1252-இல் ஏட்டில் ஏறுகிறது. பக்கத்து ஹெல்கோ தீவில் 1956-இல் ஒரு சிறிய வெண்கலப் புத்தர் கிடைத்தார். இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் ஆறாம் நூற்றாண்டு வாக்கில் வார்த்தது. இன்று ஸ்டாக்ஹோம் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறார். அவர் முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். கடல் கைவிட்ட துறைமுகம் நம்மிடமும் உண்டு: கொற்கை. அங்கே தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கடலைத் தள்ளியது. பிர்காவுக்குப் படகு விட்டு ஊரையே வரலாறு படிக்க வைக்கிறார்கள். கொற்கை வழியாகப் பஸ்ஸில் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இறங்கிப் பார்க்கிறார்கள்?

எனக்கு இன்னொரு ஆதங்கம். ஸ்டாக்ஹோமில் 1774 முதல் கடல்மட்டத்தை அளந்து எழுதி வருகிறார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கட்டிய மதகில் தொடங்கிய பழக்கம். அரசர்கள் மாறினார்கள், ஏடு மாறவில்லை. அந்த ஏட்டால்தான் இன்று ஒன்று தெரிகிறது: நிலம் எழும் வேகத்தைக் கடல் துரத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பூமி சூடாகி, உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்கிறது. எழுகிற ஊருக்கே கவலை. மேலாரென் சுமார் இருபது லட்சம் பேருக்குக் குடிநீர். அதில் கடல் புகக் கூடாது என்று இப்போதே மதகைப் புதுப்பித்திருக்கிறார்கள். நம் கரை அப்படி எழுகிற கரை அல்ல.

எங்கள் தாத்தா ஊர்க் கண்மாயின் மடைக்குப் பக்கத்தில் கோடு வெட்டிய ஓர் அளவுக்கல் இருந்தது. தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துத்தான் நீர்பாய்ச்சி மடை திறப்பார். போன வருஷம் போய்த் தேடினேன். கல் வண்டலுக்குள் தலை வரை புதைந்து கிடந்தது. கையால் கிளறியபோது மேல் கோடு ஒன்று மட்டும் விரலில் தட்டியது.

அம்மா, உங்கள் ஊரில் கடல் உள்வாங்கினால் கூட்டம் கூடிப் படம் எடுக்கிறது. ஸ்டாக்ஹோமிலிருந்து திரும்பியதும், கரையில் அசையாத ஒரு பாறையையோ படியையோ தேர்ந்துகொள்ளுங்கள். பௌர்ணமிதோறும் அலை எதுவரை வந்தது என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு அந்த நோட்டை மகளிடம் கொடுங்கள்.