எழுத்து எந்தப் பக்கம்?

மொழிகளின் ஊடே – 17

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போய்ப் போளூரைத் தொட்டால், இன்னும் கொஞ்ச தூரத்தில் கிளாவரையோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் காடும் சரிவும். அதையும் கடந்தால் இடுக்கி மாவட்டத்து வட்டவடை. இந்தப் பக்கம் பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு. அந்தப் பக்கமும் அதேதான். (கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தலூர்–வட்டவடைப் பூண்டு பிறகு தனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டது. எல்லைக்கோடு பூண்டுக்கும் உண்டு போல.)

வட்டவடை, கோவிலூர், மறையூர், காந்தலூர் வீடுகளில் தமிழ் கேட்கும். எங்கள் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று அஞ்சுநாடு எனப்படும் இந்தப் பகுதிக்காரர்கள் சொல்வார்கள். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி, திருவிதாங்கூர்த் தமிழர் தலைவர் நேசமணியும் அவருடைய கட்சியும் போராடினார்கள். 1956-ல் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் வந்தன, இவை வரவில்லை. அந்தப் பக்கம் தமிழ்வழிப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அரசு அலுவலகத்துக் காகிதமும் பஸ்ஸின் நெற்றியும் மலையாளத்தில்தான் பேசும். ஒரே பேச்சு, எல்லையைத் தாண்டினால் அதைச் சுற்றியிருக்கும் எழுத்து வேறு.

இதை மனதில் வைத்துக்கொண்டு, இந்த வாரத்து ஜோடிக்கு வருவோம்: செர்பிய மொழியும் போடோ மொழியும். இவை இரண்டையும் எதற்கு ஒரே தராசில் வைக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்று ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் வழங்கும் ஸ்லாவிய மொழி. சுற்றிவளைத்தால் சமஸ்கிருதத்துக்கும் தூரத்து உறவு. இன்னொன்று அசாமின் கோக்ராஜார், சிராங், பாக்சா, உதால்குரி பகுதிகளில் பேசப்படும் திபெத்திய–பர்மிய மொழி. 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 14.82 லட்சம் பேர். அட்டவணை போட்டால் இரண்டு பத்திகளும் ஒன்றையொன்று பார்த்து விழிக்கும்.

ஆனால் அட்டவணைக்கு வெளியே ருசியான இடங்கள் உண்டு. ஆட்களை எண்ணுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் மூன்று மாடு என்போம். ஆட்கள் என்றால் மூவர். செர்பியத்தில் மூன்று ஆண்கள் சேர்ந்தால் ‘த்ரோயித்சா’, ஆணும் பெண்ணும் கலந்த மூவர் ‘த்ரோயே’, பெண்கள் மட்டும் என்றால் சாதாரண ‘த்ரி’. போடோவில் மூன்றுக்கு ‘தாம்’. மனிதர்களை எண்ணும்போது அதற்கு முன்னே ‘சா’ சேரும், விலங்குகளை எண்ணும்போது ‘மா’ சேரும். உயர்திணை, அஃறிணை என்று படித்து வளர்ந்த நமக்கு இதில் அதிசயம் குறைவு, சந்தோஷம் அதிகம். செர்பியத்தின் ஆண்–பெண் கணக்குதான் கொஞ்சம் இடிக்கிறது.

இரண்டிலும் குரலின் ஏற்ற இறக்கம் பொருளை மாற்றும். செர்பியத்தில் ‘கிராத்’ என்பதை நீட்டி இறக்கினால் நகரம், குறுக்கி இறக்கினால் ஆலங்கட்டி மழை. தினசரி எழுத்தில் இதற்குக் குறியே கிடையாது. போடோவிலும் தொனி உண்டு.

எழுத்தின் கதைக்கு வந்தால்தான் இரண்டும் நிஜமாகவே சந்திக்கின்றன.

வூக் கராஜிச் 1787-ல் ஒரு செர்பியக் கிராமத்தில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு கிடையாது, ஒரு கால் ஊனம். அன்றைய செர்பியப் புத்தக மொழி, தேவாலயத்துப் பழைய ஸ்லாவியம் கலந்து, குடியானவனுக்குப் புரியாத ஒன்றாக இருந்தது. கராஜிச் 1814-ல் ஓர் இலக்கணமும் 1818-ல் ஓர் அகராதியும் கொண்டுவந்தார். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து, பேசுகிறபடியே எழுது என்பது அவர் பிடிவாதம். தேவையற்ற எழுத்துகளைத் தூக்கியெறிந்தார், சிலவற்றைப் புதிதாகச் சேர்த்தார். லத்தீனிலிருந்து ஒரே ஒரு எழுத்தை, ‘ய’ ஒலிக்கான ‘ஜே’யை, எடுத்து, செர்பியம் எழுதப்படும் சிரிலிக் எழுத்தில் வைத்ததுதான் வினையாகிவிட்டது. கத்தோலிக்கர் பக்கம் சாய்கிறான் என்று ஆர்த்தடாக்ஸ் குருமார்கள் கொதித்தார்கள். ஒலிக்கணக்குப் பார்த்து வைத்த எழுத்தில் மதக்கணக்குப் பார்த்தார்கள். அவருடைய எழுத்துமுறையைச் செர்பிய அரசு முழுதாக ஏற்றது 1868-ல். அவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது.

அக்கம்பக்கத்துக் குரோவாசியர்கள் ஏறக்குறைய அதே மொழியை லத்தீனில் எழுதினார்கள். 1941-ல் நாஜிகளின் ஆதரவோடு அமைந்த குரோவாசிய அரசு செய்த முதல் காரியங்களில் ஒன்று சிரிலிக்கைத் தடைசெய்தது. 2013-ல், போரில் சிதைந்து மீண்ட வூக்கோவார் நகரில் இரண்டு எழுத்திலும் பலகை மாட்டியபோது, சிரிலிக் பலகையைச் சுத்தியலால் உடைத்தார்கள். பலகையில் எழுதியிருந்தது அரசு அலுவலகத்தின் பெயர், அவ்வளவுதான். செர்பியாவிலோ இரண்டு எழுத்தும் புழங்குகின்றன. பிள்ளைகள் முதல் வகுப்பில் சிரிலிக்கும் அடுத்து லத்தீனும் கற்கிறார்கள். ‘பொலித்திகா’ நாளிதழ் சிரிலிக்கில் வருகிறது, ‘பிளிட்ஸ்’ லத்தீனில். 2006 அரசியல் சட்டம் மட்டும் அலுவல் எழுத்து சிரிலிக் என்று கறாராகச் சொல்கிறது.

போடோக்காரர்களின் சிக்கல் நேர் எதிரானது. அவர்களுக்கு எழுத்தே இரவல். 1952-ல் போடோ சாகித்ய சபா தொடங்கியது, 1963-ல் தொடக்கப் பள்ளியில் போடோ நுழைந்தது, பாடப்புத்தகம் அசாமிய எழுத்தில். அதற்குள் 1960-ன் ஆட்சிமொழிச் சட்டம் அசாமியத்தை மேலே ஏற்றியிருந்ததால், அந்த எழுத்தே பெரியண்ணன் எழுத்தாகத் தெரிய ஆரம்பித்தது. உடன்பிறந்த மொழியான காரோ ரோமனில் எழுதப்படுகிறது. நாமும் ரோமனுக்குப் போவோம் என்று சபா முடிவெடுத்து, 1974-ல் பாலபாடத்தைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அரசு மறுத்தது. ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. கடைசியில் 1975-ல் மத்திய அரசின் யோசனைப்படி தேவநாகரி. அசாமியமும் வேண்டாம், ரோமனும் கூடாது என்பதால் வந்த மூன்றாவது எழுத்து.

தேவநாகரி போடோவின் வாய்க்கு எவ்வளவு பொருந்தியது? அம்மொழியில் ஓர் உயிரொலி உண்டு. நம் ‘காது’, ‘பாட்டு’ சொற்களின் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம் மாதிரி. ரோமனில் அதை ‘டபிள்யூ’ போட்டு எழுதினார்கள். இந்திக்கு அந்த ஒலி கிடையாது. அதனால் தேவநாகரி ‘ஓ’வை அதற்குக் கொடுத்துவிட்டு, நிஜமான ‘ஒ’வுக்கு மேலே ஒரு சிறு கொம்புக்குறி போட்டுச் சமாளிக்கிறார்கள். ஆனால் 1974-ல் தெருவில் நின்றவர்கள் இந்த உயிரொலிக்காக நின்றிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. யாரோடு சேர்த்து எண்ணப்படுகிறோம் என்பதுதான் அன்றைய கேள்வி. இருந்தும் கிடைத்த எழுத்தில் ஒரு தலைமுறை கதையும் கவிதையும் எழுதியது. 2003-ல் 92-வது திருத்தத்தின் வழியே போடோ எட்டாவது அட்டவணையில் ஏறியது. தங்கை மொழியான திரிபுராவின் கொக்பொரோக் வங்காள எழுத்தா ரோமனா என்ற சண்டையில் இன்னும் நிற்கிறது.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், மலையிறங்கினால் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. சௌராஷ்டிர மொழிக்குச் சொந்த எழுத்து உண்டு, 2008-ல் யூனிகோடிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் அதைப் பேசும் வீடுகளில் பெரும்பாலும் வாசிப்பது தமிழ் எழுத்தை. தேவநாகரிதான் சரி என்று வாதிடும் கட்சியும் உண்டு. யார் பக்கம் என்ன நியாயம் என்பது அடுத்த வாரம்.