அடிமரம் இல்லாத ஆலமரம்

மரத்துக்கு வேர், அடிமரம், கிளை, இலை எனப் பல பகுதிகள் உண்டு என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அவற்றுள் அடிமரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டால் மரம் என்ன ஆகும்? "பட்டுப்போகும்" என்று உடனே சொல்வீர்கள். ஆனால் 1925-ஆம் ஆண்டில் அடிமரம் முழுவதும் அகற்றப்பட்ட பிறகும் இன்றுவரை தழைத்து நிற்கும் மரம் ஒன்று நம் நாட்டில் உண்டு. கொல்கத்தாவுக்கு எதிரே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில், ஹௌராவின் சிப்பூர் பகுதியில் உள்ள தாவரவியல் பூங்காவில் அதைப் பார்க்கலாம்.

செடிகொடிகளைப் பற்றிப் பேச இயற்பியல் ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? அந்தப் பூங்காவின் பெயரே இயற்பியல் அறிஞர் ஒருவரின் பெயர்தான். மின்காந்த அலைகளை ஆராய்ந்து புகழ் பெற்ற ஜகதீச சந்திர போஸ், பின்னர் தாவரங்களின் பக்கம் திரும்பினார். செடியின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியை அமைத்து, கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியை அளந்தார். 2009-இல் பூங்காவுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. வாருங்கள், நாமும் அவரைப் போல அளக்கும் கண்ணோடு சுற்றி வருவோம்.

பெயர்ப்பலகை சொல்லும் கதை

சாதாரணப் பூங்காவுக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் என்ன வேறுபாடு? முன்னது பொழுதுபோக்குவதற்கு, பின்னது தாவரங்களைத் திரட்டி, பெயரிட்டு, ஆராய்வதற்கு. 1787-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இராணுவ அதிகாரி ராபர்ட் கிட் இதைத் தொடங்கினார். 1770-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தில் மக்கள் மடிந்தது அப்போது யாருக்கும் மறக்கவில்லை. பஞ்சத்தில் உணவு தரக்கூடிய மரங்களை இங்கே வளர்த்துப் பரப்பலாம் என்பது அவர் கூறிய காரணங்களில் ஒன்று. தேக்கும் வாசனைப் பொருள்களும் வளர்த்து வாணிகம் பெருக்குவதும் கம்பெனியின் நோக்கமாக இருந்தது. இன்று பூங்காவின் பரப்பு சுமார் 109 ஹெக்டேர்.

மரத்தின் பெயர்ப்பலகையைப் படிக்காமல் நகராதீர்கள். வேங்கை மரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அறிவியல் பெயர் டெரோகார்பஸ் மார்சூபியம். முதற்சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். அதற்குப் பின் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு சுருக்கம், பெயர் வைத்தவரைக் குறிக்கும். வேங்கைக்குப் பெயர் வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. மருத்துவராகச் சென்னை வந்து, 1793-இல் இதே பூங்காவின் தலைவரானவர் அவர். ஆலமரத்தின் பெயருக்குப் பின்னால் ஒற்றை 'எல்' இருக்கும். அது லின்னேயஸைக் குறிக்கும்.

விழுதுகள் செய்யும் வேலை

இப்போது அந்தப் பெரிய ஆலமரத்துக்கு வருவோம். வயது 250 ஆண்டுகளுக்கு மேல். அது கவிந்திருக்கும் பரப்பு ஏறத்தாழ 1.5 ஹெக்டேர், அதாவது இரண்டு கால்பந்துத் திடல்கள்! 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வீசிய புயல்களில் காயமுற்ற அடிமரத்தைப் பூஞ்சை தாக்கியது. அது மற்றப் பகுதிகளுக்கும் பரவாமலிருக்கவே 1925-இல் அடிமரத்தை அகற்றினார்கள்.

மரம் எப்படிப் பிழைத்தது? ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி, கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பாருங்கள். சிறிது நேரத்தில் தோள் கடுக்கிறது. கை நீள நீள, தோளில் செயல்படும் திருப்புத்திறன் கூடும். கிடைமட்டமாக நீளும் கிளைக்கும் இதே தொல்லைதான். ஆனால் ஆலமரக் கிளையிலிருந்து விழுது இறங்குகிறது. தரையில் ஊன்றியதும் அது தடித்துத் தூணாகி, கிளையின் பாரத்தைத் தாங்குகிறது. கிளை இன்னும் நீளலாம். அங்கே அடுத்த விழுது இறங்கும். ஊன்றிய விழுது வெறும் தூண் அன்று, அதுவும் வேர்தான். மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி நேரே கிளைக்கு அனுப்புகிறது. தாங்குவதும் ஊட்டுவதுமாகிய அடிமரத்தின் இரு வேலைகளையும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகள் ஏற்றுக்கொண்டுவிட்டன.

தண்ணீர் மேல் ஒரு தட்டு

பூங்காவின் குளத்தில் அமேசான் பகுதியைச் சேர்ந்த ராட்சத அல்லி இருக்கிறது. இலையின் குறுக்களவு 2 மீட்டரையும் தாண்டும். 30 கிலோ எடையுள்ள சிறுவனை அது தாங்குமா? கணக்குப் போடுவோம். 2 மீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மீட்டர். 30 கிலோ எடையைத் தாங்க 30 லிட்டர் நீர் இடம்பெயர வேண்டும். எடை சமமாகப் பரவினால் இலை 1 சென்டிமீட்டர் அளவே கூடுதலாக அமிழும்! எடையை அப்படிப் பரப்புபவை இலையின் அடிப்புறத்தில் விசிறிபோல் கிளைத்துச் செல்லும் தடித்த நரம்புகள். 1849-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக இந்த அல்லியைப் பூக்கவைத்தவர் ஜோசப் பாக்ஸ்டன். 1851-இல் லண்டனில் அவர் அமைத்த மாபெரும் கண்ணாடி மாளிகைக்கு இந்த இலையிடமிருந்தே பாடம் கற்றதாக அவர் கூறியிருக்கிறார். ஆனால் நீங்கள் இலைமேல் ஏறிச் சோதிக்க வேண்டாம், கணக்கே போதும்.

எழுதி வைத்தால்தான் தெரியும்

உலகிலேயே மிகப் பெரிய விதையைத் தருவது செய்ஷெல்ஸ் தீவுகளின் இரட்டைத் தேங்காய் மரம். இப்பூங்காவில் 1894-இல் அதன் விதை ஊன்றப்பட்டது. முதிர்ந்து பூக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின! அது பெண் மரம் ஆதலால், தாய்லாந்திலிருந்து மகரந்தத்தை வரவழைத்துத் தூவித்தான் காய்க்கவைத்தார்கள். விதை ஊன்றியவர் தேதியைக் குறித்து வைத்திராவிட்டால் இந்த நூறாண்டுக் கணக்கு நமக்குத் தெரிந்திருக்குமா?

2020 மே மாதம் வீசிய ஆம்பன் புயலில் இங்கே ஏராளமான மரங்கள் சாய்ந்தன. பெரிய ஆலமரமும் பல விழுதுகளை இழந்தது. ஆனாலும் எவை போயின என்று சொல்ல முடிந்தது. ஏனெனில் அவற்றின் பெயரும் எண்ணிக்கையும் ஏடுகளில் இருந்தன. 1925-இல் அகற்றப்பட்ட அடிமரத்தின் சுற்றளவு 15.7 மீட்டர் என்று இன்று நாம் சொல்வதும் அளந்து எழுதியவர்களின் தயவால்தான். உங்கள் ஊரில் சாலையை அகலப்படுத்தும்போது வெட்டப்படும் புளியமரத்துக்கு அப்படி ஏதேனும் ஏடு உண்டா?

நீங்களே அந்த ஏட்டைத் தொடங்கலாம். பள்ளியிலோ தெருவிலோ ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நூலைச் சுற்றி, அடிமரத்தின் சுற்றளவைக் குறியுங்கள். உயரத்தை அறிய மரத்தில் ஏறவேண்டியதில்லை. 1 மீட்டர்க் குச்சியைச் சமதரையில் செங்குத்தாக நட்டு, அதன் நிழலையும் மரத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளவுங்கள். குச்சியின் நிழல் 0.8 மீட்டர், மரத்தின் நிழல் 9.6 மீட்டர் என்றால், மரத்தின் உயரம் 12 மீட்டர். பெயர், தேதி, இடம், பூக்கும் மாதம், வந்தமரும் பறவைகள் ஆகியவற்றையும் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் மீண்டும் அளந்து, இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.