முற்றுகைக்குச் சோறு சுமந்த சைக்கிள்

இந்தச் சைக்கிளில் ஏறி மிதிக்க முடியாது. பக்கத்தில் நின்று தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வியட்நாமியர் இதை ‘ஸே தோ’ என்பார்கள், சுமைவண்டி. 1954-ல் பிரெஞ்சுப் படையை வியட்நாமியர் வளைத்த தியன் பியன் பூ முற்றுகைக்கு அரிசி போய்ச் சேர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இடது கைப்பிடியோடு ஒரு மூங்கில் கழியை நீளமாகக் கட்டிவிடுவார்கள். மூட்டைகள் இரு பக்கமும் புடைத்து நிற்கும்போது ஹேண்டில்பார் கைக்கு எட்டாது. எட்ட நடந்தபடியே கழியால் திருப்பிக்கொள்ளலாம். சீட்டுக்குப் பின்னால் இன்னொரு கழி நெட்டுக்குத்தாக நிற்கும். மேட்டில் அதைப் பிடித்துத் தள்ளுவார்கள், இறக்கத்தில் இழுத்துப் பிடிப்பார்கள். ஃபிரேமுக்கு இரும்பாலோ மரத்தாலோ முட்டு. டயருக்கும் ட்யூபுக்கும் நடுவே பழைய துணியைக் கிழித்துச் சுற்றியிருக்கும். கல்லில் ஏறி இறங்கினாலும் ட்யூப் தாங்கும். இப்படித் தேற்றிய சைக்கிள் 200 கிலோவுக்கு மேல் சுமந்தது. மா வான் தாங் என்பவர் ஒரே நடையில் 352 கிலோ கொண்டுபோனார்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வயிற்றுக் கணக்கு. தோளில் காவடி கட்டிச் சுமப்பவர் இருபது, இருபத்தைந்து கிலோ அரிசி எடுத்துவருவார். வாரக்கணக்கில் நடந்தால் அதில் பெரும்பங்கு வழியில் அவர் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். சைக்கிள் தள்ளுபவரும் சாப்பிடுவது அதே அளவுதான். கொண்டுவருவதோ பத்து மடங்கு.

முற்றுகையிட்ட வியட்நாமியப் படையின் தளபதி வோ குயென் கியாப்புக்கு இது மிகவும் வேண்டியிருந்தது. ஒரே பாய்ச்சலில் அடித்து முடிக்கும் திட்டத்தை ஜனவரி 26 அன்று அவர் கைவிட்டார். பீரங்கிகளைத் திரும்ப இழுத்து மலையைக் குடைந்து உள்ளே வைத்தார்கள். பதுங்குகுழி வெட்டியபடி கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குவது என்று முடிவாயிற்று. நாள் கூடினால் அரிசியும் கூட வேண்டுமே! சோவியத் லாரிகள்தான் முதன்மைச் சுமைதாங்கிகள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் குண்டு விழுந்து சாலை உடைந்த இடத்தில் லாரி நின்றுவிடும். சைக்கிள் ஒற்றையடிப் பாதையில் சுற்றிக்கொண்டு போகும். ஏறத்தாழ 20,000 சைக்கிள்கள் அப்படிப் போயின.

பள்ளத்தாக்கில் இருந்த பிரெஞ்சுப் படைக்கு எல்லாமே வானத்திலிருந்து வர வேண்டியிருந்தது. மார்ச் 13 அன்று தாக்குதல் தொடங்கியது. மாத முடிவுக்குள் விமானங்கள் அங்கே தரையிறங்க முடியாமல் போயிற்று. அதன்பின் பாராசூட்டில் போட்ட பெட்டிகளில் பல, காற்றோடு போய் முற்றுகையிட்டவர்களின் குழிகளில் விழுந்தன. மே 7 அன்று கோட்டை வீழ்ந்தது.