செக் திகதியைக் கணினி மாற்றினால்?

நம்மவர்களின் கடைகளில் பில் போடும் மென்பொருள் இல்லாவிட்டாலும் எக்செல்லில் ஒரு கணக்குத் தாளாவது இருக்கிறது. மகனோ, கடையில் நிற்கும் தம்பியோ போட்டுக் கொடுத்ததாக இருக்கும். கணக்கு பிழைத்தால் "வைரஸ் வந்துவிட்டது" என்று கணினி திருத்துபவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அவர் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருவார். காசு போகும், பிழை அப்படியே இருக்கும். இப்பிழைகளில் பல வைரஸால் வருவன அல்ல. நாம் எழுதியதைக் கணினி வேறுவிதமாக விளங்கிக்கொள்வதால் வருவன.

முதலில் செக் விடயத்தைப் பார்ப்போம். மொத்த வியாபாரத்தில் 30 நாள், 60 நாள் செக் கொடுத்துத்தான் சரக்கு எடுக்கிறோம். மார்ச் 4ஆம் திகதிக்குக் கொடுத்த செக்கை 04/03/2025 என்று தாளில் பதிகிறீர்கள். நமக்கு நாள் முதலில், மாதம் பிறகு. ஆனால் பல கணினிகளில் விண்டோஸ் அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே மாதம்தான் முதலில். ஆகவே கணினி அதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்கிறது. பணம் கட்ட இன்னும் 30 நாள் இருக்கிறது என்று நீங்கள் இருப்பீர்கள். செக் மார்ச் 4இல் வங்கிக்குப் போய், கணக்கில் பணமில்லாமல் திரும்பிவிடும். ஒரு செக் திரும்பினால் சந்தையில் பெயர் என்னவாகும் என்பதை வியாபாரிக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்பிழையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. திகதி நிரலைப் பாருங்கள். சில திகதிகள் கலத்தின் வலது பக்கமும் சில இடது பக்கமும் ஒட்டி நிற்கின்றனவா? 25/03 என்று எழுதினால் 25ஆவது மாதம் இல்லாததால் கணினி அதைத் திகதியாகவே ஏற்பதில்லை. வெறும் எழுத்தாக இடது பக்கம் ஒதுக்கிவிடும். திகதிவாரியாக அடுக்கும்போது அவை எல்லாம் அடியில் போய் நிற்கும். 12ஆம் திகதி வரையுள்ளவற்றை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடும். ஆபத்து அங்கேதான்.

விண்டோஸின் கன்ட்ரோல் பனலில் ரீஜன் என்ற பகுதிக்குச் சென்று, இங்கிலிஷ் யுனைடட் கிங்டம் என்று மாற்றினால் இனிமேல் எழுதுபவை சரியாக வரும். ஆனால் முன்பு பதிந்தவை தாமாகத் திருந்தா. எக்செல் திகதியை உள்ளே ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1ஐ ஒன்றாகக் கொண்டு எண்ணிவரும் கணக்கு அது. 2025 மார்ச் 4 என்பது 45720, ஏப்ரல் 3 என்பது 45750. 45750 என்று பதிந்ததை எப்படிக் காட்டினாலும் அது ஏப்ரல் 3தான். எனவே செக் புத்தகத்தின் அடிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்துவதே வழி. அலுப்பான வேலைதான், அரை நாள் போகும்.

மற்றவை சிறியவை. வாடிக்கையாளரின் 077 இலக்கத்தில் முன்னாலுள்ள பூச்சியம் மறைகிறதா? 479 என்று தொடங்கும் நம் நாட்டுப் பொருட்களின் 13 இலக்க பார்கோட் சுருங்கி 4.79 என்று தெரிகிறதா? கணினி அவற்றைக் கூட்டிக் கழிக்கும் எண்ணாக நினைக்கிறது. பதியும் முன்பே அந்த நிரலை ஃபோமட் செல்ஸில் டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். சுருங்கிய நிலையிலேயே சீ.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் முழு இலக்கம் திரும்பக் கிடைக்காது. பற்றுக் கணக்கின் கூட்டுத்தொகை குறைகிறதென்றால், யாரோ "12500 ரூபா" என்று எழுதியிருப்பார். சொல் கலந்த கலத்தைக் கூட்டல் கணக்கு தாண்டிப் போய்விடும். தொகையை மட்டும் எழுதுங்கள்.

செக் திகதிக்காக நாமே கையடக்கத் தொலைபேசியில் ஒரு சிறு செயலி செய்துகொள்ளலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் நடத்தும் ஆப் இன்வென்டர் இலவசமானது. 2010இல் கூகுள் தொடங்கியது, 2012 முதல் எம்.ஐ.டி.யின் கையில். இதில் நிரல் எழுதத் தேவையில்லை. சிறுவர்கள் கட்டைகளை அடுக்குவதுபோல் கட்டளைகளைக் கொளுவ வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் இலகு.

திரையில் டேட் பிக்கர், லேபல், குளொக் ஆகிய மூன்றை மட்டும் வையுங்கள். திகதி தெரிவானதும், குளொக்கின் இப்போதைய நேரத்திலிருந்து அந்தத் திகதி வரையுள்ள கால அளவை நாட்களாக மாற்றி லேபலில் காட்டு என்று கட்டைகளை இணையுங்கள். உங்கள் தொலைபேசியில் கம்பேனியன் செயலியைப் போட்டு, கணினித் திரையில் வரும் கியூ.ஆர். குறியைக் காட்டினால் உடனே ஓடும். திகதியைத் தட்டச்சு செய்யாமல் நாட்காட்டியில் தொட்டுத் தெரிவதால் நாளும் மாதமும் மாறிப்போகாது.

நாளைய திகதியைத் தொட்டுப் பாருங்கள், 0 என்று காட்டும். உங்கள் பிழையல்ல. தெரிவான திகதி நள்ளிரவில் தொடங்குகிறது. 24 மணிநேரம் நிறையாததை அது ஒரு நாளாக எண்ணுவதில்லை. விடையுடன் 1ஐக் கூட்டினால் சரியாகும். ஆனால் அப்போது இன்றைய திகதிக்கும் 1 என்று வரும். அதைத் திருத்த இஃப் என்ற கட்டை வேண்டும். அதைப் பிள்ளையிடமே கேளுங்கள்.